பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

நான் ஐந்தாவது படித்த வருஷம் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் சரியில்லாமல் இருந்தன. அம்மா கூப்பிட்டால் அப்பா திரும்புவதில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஆறு ஸ்பீக்கர்களில் முன்னால் இருந்த இரண்டுதான் பேசின. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

முதலாவதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியபிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி கட்டப் போனார். வேலை விட்டு வந்ததும் கூடத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இடதுகைப் பக்கம் சமையற்கட்டு. அங்கிருந்து அம்மா "ஏங்க" என்பாள். பதில் வராது. மறுபடியும் "ஏங்க". பேப்பர் ஒரு பக்கம் புரளும். மூன்றாவது "ஏங்க" தெருமுனைவரை கேட்கும். அதற்குத்தான் அவர் நிமிர்ந்து, எதுக்கு இப்படிக் கத்துற என்பார்.

கத்தாமல் என்ன செய்வாள்? வேலை போன கோபத்தைப் பெண்டாட்டிமேல் காட்டுகிறார், மனுஷனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். அப்பாவோ, மில் மூடினதிலிருந்து ஊரே அமைதியாகிவிட்டது என்று அடிக்கடி சொல்வார். அதைக் கேட்டால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அந்த வாரம் பேச்சு முற்றிப்போய், இன்னொருதரம் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் என்னையும் கூட்டிக்கொண்டு பாகூருக்குத் தாய்வீடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கட்டிலடியில் இருந்த பையில் என் யூனிபார்மும் மடித்து வைத்தாயிற்று. பாகூரில் கம்ப்யூட்டர் கிடையாது.

கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர் சித்தப்பாவின் கைங்கரியம். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். நெல்லித்தோப்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. கடையில் கழித்துப்போட்டதையெல்லாம் கொண்டுவந்து ஒன்றாக மாட்டிவிட்டிருந்தார். பாட்டுக் கேட்க, ஸ்பீக்கர் ஒயர் செருக அதில் ஒரே ஒரு பச்சை ஓட்டைதான். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த அவருடைய நண்பர் ஒருவர், சோப்பு டப்பா அளவில் ஒரு சவுண்டு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வெளியிலிருந்தே ஒயரால் கம்ப்யூட்டரில் செருகிவிடலாம். அதன் முதுகில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஓட்டைகள். இது மட்டும் சரியாக வேலை செய்தால், படத்தில் ஹெலிகாப்டர் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, தலைமேல் பறந்து, முன்னால் போய் இறங்கும் என்றார் சித்தப்பா. நான் அதை அப்படியே நம்பினேன். கூரையில் ஓட்டடை அடிக்க வேண்டுமே என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. கூடவே வந்த சிடியில் இருந்ததெல்லாம் பிரெஞ்சு. புதுச்சேரியில் பிறந்தவன் என்ற பெருமையைத் தவிர சித்தப்பாவுக்கு அந்த பாஷையில் ஒன்றும் தெரியாது. படங்களை வைத்தே தடவித் தடவிப் போனார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் போட்ட படம் ஒன்றில் புள்ளி வைத்திருந்தது. அதை மாற்றி, நடுவில் நாற்காலியும் சுற்றி ஆறு பெட்டியும் இருந்த படத்தை அமுக்கினார். அவ்வளவுதான், ஒரு வெள்ளைக்காரம்மாவின் குரல் பெட்டி பெட்டியாகப் போய் நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. "வந்துடுச்சி! அண்ணே, வந்துடுச்சி!" என்று சித்தப்பா குதித்தார்.

ஆனால் அவள் சொன்னது இடதா வலதா என்று யாருக்குத் தெரியும்? முன்பெட்டிகள் பக்கத்திலேயே இருந்ததால் அவை சரி என்று சித்தப்பாவுக்கே கேட்டது. பின்னால் இருந்த இரண்டுக்கும் ஒரு சாட்சி வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்த அப்பாவின் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, சத்தம் வரும் பக்கம் கைகாட்ட வேண்டும். நான் உட்காருகிறேன் என்றேன். சின்னப்பிள்ளை உளறும் என்று அப்பாவை உட்காரவைத்தார்.

வலது பெட்டி பேசியது. அப்பா வலப்பக்கம் கைகாட்டினார். இடது பெட்டி பேசியது. அதற்கும் வலப்பக்கமே காட்டினார்.

சித்தப்பா பெட்டிகளை இடம் மாற்றினார். ஒயரைக் கழற்றி ஊதி மாட்டினார். கறுப்பு ஓட்டையில் இருந்ததை ஆரஞ்சில் செருகிப் பார்த்து, பழையபடி கறுப்பிலேயே செருகினார். அப்பா அசையவில்லை, எல்லாம் வலதுதான். நான் இடது பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரம்மா கணீரென்று பேசினாள். பேசுது சித்தப்பா என்றால், கிட்டப் போனா கொசு கூடத்தான் பேசும் என்று விரட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஓடிப்போய் உட்கார்ந்தேன். இடது, வலது இரண்டும் எனக்குச் சுத்தமாகக் கேட்டன. அப்பா உட்கார்ந்தால் மட்டும் இடது ஊமையாகிறது. நாற்காலியா? அவருடைய உயரமா? மண்டை குடைந்தது. கடைசியில், "திரும்பி உக்காருங்கப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பி, கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

இதுவரை ஊமையாக இருந்த பெட்டி இப்போது அவருக்கு வலப்பக்கம். அது பேசியதும் சரியாகக் கைகாட்டினார்! இதுவரை ஒழுங்காக இருந்த பெட்டி இடப்பக்கம் வந்துவிட்டது. அதற்குத் தப்பாகக் காட்டினார்.

"பெட்டி இல்ல சித்தப்பா, அப்பாதான் ரிப்பேரு!" என்று கத்தினேன்.

பெரியவங்கள அப்படிச் சொல்லுவியா என்று சித்தப்பா தலையில் ஒரு குட்டு வைத்தார். அப்பா சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சமையற்கட்டிலிருந்து அம்மா, "ஏங்க" என்றாள். சாதாரணக் குரல்தான். இன்றைக்குப் பாகூர் நிச்சயம்.

"தோ வரேன்" என்றார் அப்பா, உடனே.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கரண்டியோடு சமையற்கட்டு வாசற்படிக்கு வந்தாள். திருப்பிப்போட்ட நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மெதுவாக அப்பாவின் மறுபக்கம், இடப்பக்கம் போய் நின்று, இன்னொருதரம் "ஏங்க" என்றாள். அப்பா சமையற்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததேயில்லை. ஸ்பீக்கர் வீணாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டாளோ என்று பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "அழாதம்மா, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள்.

மறுநாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இத்தனை வருஷம் தறிச் சத்தத்துக்கு இடது காதைக் காட்டி நின்றால் அது என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டாராம். யூனிபார்ம் பையிலிருந்து கொடிக்கு வந்தது. ஹெலிகாப்டரும் ஒருநாள் எங்கள் கூடத்தில் பறந்தது. அப்பாவுக்கு மட்டும் அது எப்போதும் வலப்பக்கத்திலேயே பறந்தது.

அதற்காக அம்மா திட்டுவதை விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதன்பிறகு சமையற்கட்டில் நின்று கத்தியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அப்பாவின் வலப்பக்கம் போய் நிற்பாள். அங்கே நின்று, சின்னக் குரலில், ஒன்று விடாமல் திட்டுவாள். அவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். திட்டுவதற்குப் போய் எதற்கு இத்தனை தூரம் நடக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.