பாலாற்றில் இறங்கிய முதலை

ஆம்பூர் நெருங்கும்போது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் ஜன்னலைத் திறக்கிறேன். சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை முகத்தில் அறைகிறது. அதன் பின்னாலேயே நினைவில் மாமா வருகிறார், அம்மாவின் தம்பி, தோளில் ஒரு முதலையின் வாலோடு.

தோல் பதனிடும் டேனரியில் மெஷின் ஃபிட்டர் அவர். பாலாற்றில் சினிமா எடுக்க வந்தவர்களிடம், வாய் திறந்து மூடும் முதலை செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சரியாக வந்தால் மெட்ராஸுக்கே கூட்டிப்போவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். வீடு முழுக்க சைக்கிள் செயின், வைப்பர் மோட்டார், கழித்துப்போட்ட எருமைத் தோல். முதலையைத் தாண்டித் தாண்டித்தான் அம்மா சோறு வடித்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள். திட்டிக்கொண்டே தோலைத் தைத்தும் கொடுத்தாள்.

ஆற்றில் தண்ணீர் ஏது? லாரியில் கொண்டுவந்து குழியில் நிரப்பினார்கள். முதலை இறங்கியதும் கதாநாயகி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அரைகுறையாகப் பதனிட்ட தோல் நாறும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வாடையிலேயே பிறந்த மூக்குகள். ஊர் நாய்களுக்கோ விருந்து. பாய்ந்து வந்து வாலைக் கவ்வி இழுத்தன. முதலை புரண்டது, சேற்றை வாரி அடித்தது, வாயைப் பிளந்தது.

"இன்னாப்பா, உன் முதலய நாய் தின்னுது!"

கரையே சிரித்தது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் மட்டும் கேமராவை நிறுத்தவிடவில்லை.

"ஓடட்டும்! இப்பதான்யா அதுக்கு உசுரு வந்திருக்கு."

அப்படித்தான் மாமாவுக்கு மெட்ராஸ் வாய்த்தது. பிறகு அவர் செய்ததையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள், யார் செய்தது என்று தெரியாமலே: மூச்சிரைக்கும் யானை, கண் சிமிட்டும் சிலை, எரிந்தும் சாம்பலாகாத அரண்மனை. எங்கள் ஊரிலிருந்து அவருக்கு முன்னால் அந்த வேலைக்குப் போனவர் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் வந்தபோது நரைத்த தலையோடு போய் அதையும் கற்றுக்கொண்டார். தியேட்டர் காலியான பிறகும் அம்மா எழுந்திருக்க மாட்டாள். திரையில் ஓடும் பெயர்களில் தம்பியைத் தேடிக்கொண்டிருப்பாள். வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததைவிட அங்கே பார்த்ததுதான் ஜாஸ்தி.

முதன்முதலில் அவரை மெட்ராஸுக்கு ரயிலேற்றிய அன்று, அடுத்து சிங்கமா டைனோசரா என்பது மட்டுமே என் கவலை. மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "கிறிஸ்மஸுக்கு வந்துர்றேன்க்கா" என்றார். அம்மா வெளியிலிருந்தே கையை விட்டு அவர் காலரைச் சரிசெய்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று சொன்னாள். போகிற நேரத்தில்கூட மாமாவைத் திட்டுகிறாளே என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

"வேல இருந்தா வராதடா."