துணைக்குப் போகிறவன்

காட்டூரில் என் அப்பா கட்டிய வீட்டைக் குடிகாரர்களுக்கு விட்டிருக்கிறேன் என்று ஊரில் சொல்வார்கள். குடியை விட்டவர்களுக்கு என்று எத்தனை தடவை திருத்தினாலும் அவர்கள் மண்டையில் ஏறாது. இப்போது திருத்துவதையும் விட்டுவிட்டேன். நெல் அறுக்க ஆள் கிடைக்காமல் அலைகிறவனுக்கு இந்த வழக்கெல்லாம் எதற்கு?

வீட்டைக் கேட்டு வந்தவன் பிரபாகரன். கோட்டைக்குப்பத்து மீனவன். நாற்பதைத் தொடுகிற வயது, வெயிலில் காய்ந்து இறுகிய உடம்பு. உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றான்.

"ஏரி தெரியாத வூடா ஓணும்ணே. மொட்டமாடில நின்னாகூட தெரியக் கூடாது."

பழவேற்காட்டுப் பக்கம் வீடு தேடி வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஏரி தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இவன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வலை நிறைந்தாலும் குடி, வெறும் வலையோடு திரும்பினாலும் குடி என்று பதினெட்டு வயதிலிருந்து ஓடியவன் அவன். சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்து இரண்டு முறை தேறி வந்து, இரண்டு முறையும் கரையில் கால் வைத்த வாரமே கெட்டுப்போனவன்.

"ஆஸ்பத்திரில குடிக்காம இருக்கறது இன்னாண்ணே பெரிய விசயம்? அங்க எவன் ஊத்தித் தரான்? வூட்டுக்கு வந்தாதான் பேஜாரு. நடுவுல தங்கறதுக்கு ஒரு எடம் ஓணும்" என்றான்.

மூன்றாவது முறை அவன் நேராக வீட்டுக்கு வரவில்லை. சென்னையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய தங்கும் வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தான். அதே மாதிரி ஒன்றை நம் பக்கத்து ஆட்களுக்கு வைத்துக் கொடுங்கள் என்று அவர்களைக் குடைந்து குடைந்து, கடைசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவனுடையது. அவன் மனைவி பானுப்ரியா கோட்டைக்குப்பத்திலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்போடு வருவாள், அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போவாள். ஆறு வருடமாக இப்படித்தான்.

நான் பக்கத்து வீட்டில் இருப்பதால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். பூட்டு கிடையாது, அடி கிடையாது. வெளியே போய்விட்டு வருகிற ஆள், வாசலில் இருக்கிறவனோடு முகத்துக்கு முகம் நின்று, எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரலாம். ஊதிப் பார்க்கிற கருவி எதுவும் வேண்டியதில்லை, அந்தத் தூரத்தில் வாடை தெரியாமல் போகாது. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும். பிரபாகரன் ஒவ்வொருவனையும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பான். சாப்டியா? தூங்குனியா? யாரோட சண்ட? எப்பவாச்சும் வாய் ஊறிச்சா? முதலில் எனக்கு இது நர்சரிப் பள்ளி மாதிரி இருந்தது. "பாட்டில எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே குடி ஆரமிச்சிடும்ணே. சோறு எறங்காது, தூக்கம் வராது, சும்மானாச்சும் எவன்மேலயாவது எரிஞ்சு வுழுவான். அங்கயே புடிச்சிடணும்" என்று ஒருநாள் விளக்கினான்.

அப்படியும் குடித்துவிட்டு வருகிறவன் உண்டு. அவனைத் தெருவில் தள்ள மாட்டார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருவார்கள். அன்றிலிருந்து அவன் விளக்கு எரிகிற முன்னறையில் படுக்க வேண்டும். பாத்திரம் கழுவுவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்கே குடித்தேன் என்று இல்லாமல், எங்கிருந்து வழுக்க ஆரம்பித்தேன் என்று கூடத்தில் சொல்ல வேண்டும். மாத்திரை அலமாரியின் சாவி மட்டும் ஒரு வருடம் குடிக்காமல் இருந்த ஆளிடம்தான் இருக்கும். அது பிரபாகரன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும்.

இத்தனை கட்டுத்திட்டத்தையும் ஒரே நாளில் உடைக்கிற ஒன்று இருந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் வலை போட அந்தக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. பாடு என்பார்கள். தன் முறை வருகிற நாளில் சாகக் கிடக்கிறவன்கூட எழுந்து போய்விடுவான். போகக்கூடாது என்று முதல் வருடம் பிரபாகரன் சட்டம் போட்டுப் பார்த்தான், ஆட்கள் சுவர் ஏறிக் குதித்துப் போனார்கள். போனவர்கள் குடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். அதற்கப்புறம் சட்டத்தை மாற்றினான். போகலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது, துணைக்கு அவனே வருவான். ஒவ்வொருவன் முறைக்கும் விடிகிற முன்னே எழுந்து பஸ் பிடித்துப் போய், ஈரத்தோடு நின்று, ஆளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவான். அவன் முறைக்கு மட்டும் தனியாகப் போய் வருவான்.

"உனக்கு யாருடா துணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு இன்னாண்ணே?" என்றான். சிரித்த வாய்தான், ஆனால் கண்ணில் அவ்வளவு அலுப்பு. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மேற்கொண்டு கேட்டால் அது என் வேலையாகிவிடுமே என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

போன தையில் சிங்காரத்தின் முறை வந்தது. சிங்காரமும் கோட்டைக்குப்பம்தான். பிரபாகரனைவிட மூத்தவர், வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவருடைய கூட்டாளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலை ஏறியதும் ஒரு பாட்டிலைத் திறந்து சாமிக்கென்று தண்ணீரில் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவன் முறைக்காரன். மீதி படகைச் சுற்றி வரும். அன்றைக்கும் பாட்டிலைச் சிங்காரத்திடம் நீட்டினார்கள். வேண்டாம் என்றால் சாமி குற்றம், வாங்கினால் அவர் கதை முடிந்தது. பிரபாகரன் குறுக்கே கையை நீட்டி, "குடு, நான் ஊத்தறேன்" என்று வாங்கினான். ஊற்றிவிட்டு, சிங்காரம் பக்கம் போய்விடக் கூடாது என்று கரை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

சிங்காரம் குடிக்காமல் திரும்பினார். வீட்டில் அன்றைக்குப் பாயசம். எனக்கும் ஒரு தூக்கு வந்தது.

அதற்கப்புறம்தான் பிரபாகரன் மாறினான். கூடத்தில் நடுவில் உட்காருகிறவன் கதவோரம் உட்கார்ந்தான். கேள்வியை அவசரமாகக் கேட்டு முடித்துவிட்டு எழுந்தான். பானுப்ரியா கொண்டுவந்த குழம்பு தொடாமல் இருந்தது. என் மாடு அவன் காயப்போட்ட துண்டை இழுத்துவிட்டது என்று என்னிடம் பாய்ந்தான். ஆறு வருடத்தில் என்னை அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. சோறு இறங்காதவனை, தூங்காதவனை, எரிந்து விழுகிறவனை அங்கேயே பிடிக்க வேண்டும் என்று சொன்னவன் அவன்தான். அவனைப் பிடிக்க யாருமில்லை.

மாசி பிறந்து ஒரு மத்தியானம், மீன் வாங்கப் பழவேற்காடு போனவன் வெறும் பையோடு திரும்பினான். வாசலில் சிங்காரம் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு முகம் நின்றார்கள். பிரபாகரன் வாயைத் திறக்கவே இல்லை. சிங்காரம் ஒதுங்கி வழிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் என் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றார்.

"பிரபாவுக்கு ஜொரம்னு சொல்லி வச்சிக்கீறேன். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க."

"ஜுரமா, குடியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவனே வுழுந்துட்டான்னு தெரிஞ்சா நாங்கள்லாம் எந்த மூலைக்கு? நாளைக்கே பாதிப் பேரு பொட்டிய கட்டிடுவானுங்க. அமைப்புக்காரங்க வூட்டையே இழுத்து மூடிடுவாங்கண்ணே."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. மேல் துண்டைக்கூட எடுக்காமல் போனேன். முன்னறையில் அவன் இல்லை. கிணற்றடியில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தான். போதை பாதி இறங்கியிருந்தது.

"நாளைக்குப் போய்ட்றேண்ணே. காசிமேட்டுல போட்டுல வேல கெடச்சிதுன்னு உள்ள கீறவங்ககிட்ட சொல்லிடு. பானுகிட்டயும் அதான். மெய்யாலுமே முடியலண்ணே. தாவு தீந்துபோச்சு."

"அவனுங்க உனக்கு ஜுரம்னு சொல்றானுங்க. நீ உனக்கு போட்டு வேலைன்னு சொல்ற. எங்கப்பன் கட்டின வீட்ல குடிக்கத்தான் எடம் இல்ல, புளுகுறதுக்கு மட்டும் எடம் இருக்கா?" என்று கத்தினேன். இவன் போய்விட்டால் கரையில் கிடப்பான், பானுப்ரியா ஒருநாள் அங்கே வந்து பார்ப்பாள். அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது. "இதையே சிங்காரம் பண்ணியிருந்தா என்னடா பண்ணுவ?" என்றேன்.

கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு இட்னு போவேன்" என்றான்.

போனோம். என் ஸ்கூட்டரில் அவன் நடுவில், சிங்காரம் பின்னால் பிடித்துக்கொண்டு. மறுநாள் திரும்பினோம்.

அன்று சாயந்திரம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை. கேட்கிறவனே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் கதவருகே நின்றேன். கடைசியில் சிங்காரம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்டியா, பிரபா?"

"இல்ல மாமா."

"தூங்குனியா?"

"உன் மொறைக்குப் போனதுலேந்து இல்ல."

"இன்னா நைனா ஆச்சி?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாட்டில மடில வச்சினு வந்தப்ப வாய் ஊறவே இல்ல மாமா. அதான் வெனை. நமக்கு இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிட்டேன். வூட்டுக்கு வந்து கை கழுவுறேன், வாடை போவல. கழுவிக் கழுவிப் பாத்தேன். ஊறுதுன்னு உங்ககிட்ட எப்டி சொல்றது? நீங்க என்னப் பாத்துதான கீறீங்க. அங்கதான் வழுக்கிச்சி. கடைக்குப் போனதெல்லாம் அப்பால."

யாரும் பெட்டியைக் கட்டவில்லை. ஒருவன் மட்டும் அழுதான்.

சாவியைக் கழற்றினான். யாரிடம் கொடுப்பது? ஒரு வருடம் முடிந்த ஆள் அந்த வீட்டில் அப்போது ஒருவர்கூட இல்லை. எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கள்கூடத் தொடாதவன் என்கிற ஒரே தகுதியில் அந்தக் கறுப்புக் கயிறு என் கழுத்துக்கு வந்தது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பானுப்ரியாவிடம் அவனே போனில் சொன்னான். அந்த ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தாள்.

அவன் முன்னறையில் படுத்தான். பாத்திரம் கழுவினான். முதல் இரண்டு நாள் ஒருவனும் அவனிடம் தட்டைக் கொடுக்கவில்லை, வாங்க வருகிறவனைப் பார்த்துக் கூச்சப்பட்டு அவரவரே கழுவிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சிங்காரம் அவன் கழுவி வைத்த குழம்புச் சட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அடி புடிச்சிது அப்டியே கீது. திரும்பத் தேய்."

பிரபாகரன் சட்டியை வாங்கி, சாம்பல் தொட்டு மறுபடி தேய்த்தான். தேய்க்கும்போது அவன் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். அவன் முகத்தில் அந்த அலுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

பங்குனியில் அவன் வீட்டு முறை வந்தது. முதல்நாள் சாயந்திரம் கூடத்தில் கேள்வியெல்லாம் முடிந்து எழுகிற நேரத்தில், "இருங்க" என்றான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஊருக்கெல்லாம் துணைக்குப் போனவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"நாளைக்கு என் மொறை. என்கூட யார்னா வர்றீங்களா?"

"நான் வரேன்" என்றார் சிங்காரம். "ஆனா பாட்டில நான் கையால வாங்க மாட்டேன், சொல்ட்டேன்."

"யாரும் வாங்க வேணாம் மாமா. பாட்டில எடுத்தாங்கன்னா அவங்க சாமிக்கு அவங்களே ஊத்திக்கட்டும். நாம ரெண்டு பேரும் எறங்கி தண்ணில நிப்போம்."

"ரெண்டு பேரு இல்லடா, மூணு" என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது, படகு ஆடினால் குமட்டும், மறுநாள் களத்தில் நெல் காய வேண்டியிருந்தது. வாயிலிருந்து வந்துவிட்டது, இனி என்ன செய்ய?

அவன் என்னையே பார்த்தான். "முட்டி அளவுதாண்ணே இருக்கும். பயப்படாத, நான் கைய புடிச்சிக்கறேன்" என்றான். சொல்லிவிட்டுப் போய் முன்னறையில் விளக்கடியில் படுத்தான். நான் செருப்பைத் தேடி மாட்டுகிறதற்குள் தூங்கிப்போயிருந்தான்.