துப்பாக்கி என் தோளில்தான் இருந்தது

ஏடிஎம்களில் பணம் நிரப்பும் வேனில் நான் துப்பாக்கிக் காவலாளி. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவன். இந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் சொந்த லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் போனால் வேலையும் போகும். துப்பாக்கி வைத்திருப்பவனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஊர் நம்பிவிடும் என்பதால், சட்டைப் பையில் விரல் நீளத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி வைத்திருக்கிறேன். செங்கல்பட்டில் சட்டம் படிக்கும் என் மகள் வாங்கிக் கொடுத்தது.

அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. ஆகவே வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் நானே வாய்விட்டுச் சொல்வேன்: "துப்பாக்கி தோளில். முனை கீழே. விசையில் விரல் இல்லை."

"அண்ணாத்த மந்திரம் ஓத ஆரம்பிச்சிட்டாரு," என்பார் டிரைவர்.

கோவளத்தில் ஒரு முற்பகலில் அது நடந்தது. ஏடிஎம் வாசலில் நின்ற வேனுக்குப் பின்னால் ஒரு கார் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து இறங்கியவர் திருக்கழுக்குன்றம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கான்டிராக்டர். என்னை நன்றாகத் தெரியும்.

"ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

"அஞ்சு நிமிஷம் சார். பணப்பெட்டி உள்ள கீது."

"எங்க நெலத்துல நாத்து புடுங்கினவன் புள்ளதான நீ? துப்பாக்கிக் கொழா ஒண்ணு கெடச்சதும் நிமிந்து நிக்கிற."

நான் என் மூன்று வாக்கியங்களை மறுபடி சொன்னேன்.

அவர் சிரித்தார். "இன்னாடா தனியா பேசிகினு கீற? தோள்ல மாட்டிகினு சும்மா நிக்கிறியே, எடேன். எடுத்து நீட்டேன் பாப்போம். உங்க காலனில எவனுக்கு அந்தத் தைரியம் கீது?"

பிறகு சாதிப் பெயரைச் சொன்னார். என் அம்மாவைச் சொன்னார். பெட்டி திரும்பி வந்ததும் நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து அழைப்பு, மறுநாள் வரச் சொல்லி. நான் துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டிச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டினேனாம். காரில் கூட வந்த இருவர் சாட்சி. போனவுடன் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகளும் வந்திருந்தாள். பதிவை அவள்தான் கணினியில் ஏற்றி முந்தின நாளே முழுதும் கேட்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பதிவைப் பாதியில் நிறுத்தினார். "நீ சொன்னத நீயே பதிஞ்சிகினா ஆச்சாய்யா? வாயில தோள்னு சொல்லிட்டு கையில நீட்டியிருந்தா?"

அவர் கேட்டது நியாயம். இத்தனை மாதம் நான் முணுமுணுத்தது ஒன்றுக்கும் ஆகாது.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் சார்," என்றாள் மகள்.

ஓடியது. "தோள்ல மாட்டிகினு சும்மா நிக்கிறியே, எடேன்." இன்ஸ்பெக்டர் அந்த இடத்தை இரண்டு முறை கேட்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கான்டிராக்டர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப் பின்னால் இருந்ததும் ஓடியது. சாதியும் அம்மாவும், என் மகள் பக்கத்தில் நிற்க. யாரும் நிறுத்தவில்லை.

"செரி, ஒண்ணும் இல்ல. அவுரு தப்பா நெனச்சிகினாரு. துப்பாக்கிய எடுத்துகினு கெளம்பு."

"அவர் பேசினது சார்?"

"அது வாய்த் தகராறு. அடுத்த மாசம் உனுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும் இல்ல? எங்க ரிப்போர்ட்டு போவணும். பாத்துக்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பயம் இல்லை, ஆத்திரம். அவர் சொன்னது பொய் என்று காட்ட, அவர் என்னைக் கேவலப்படுத்தியதுதான் உதவியது. மரியாதையாகப் பேசிவிட்டுப் பொய்ப் புகார் கொடுத்திருந்தால் நான் ஜெயிலில் இருந்திருப்பேன். என்னைத் திட்டியதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

மகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புகார் எழுதத் தொடங்கினாள். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. தினமும் தனியாகப் பஸ்ஸில் போய் வருகிறவள்.

"அந்த வார்த்த வர்ற எடத்துல புள்ளி வெச்சிடும்மா."

"புள்ளி வெச்சா அவுரு இன்னா சொன்னாருன்னு யாருக்குப்பா தெரியும்?"

முழுதாக எழுதினாள். தன் பாட்டியைப் பற்றிச் சொன்னதையும். நான் கையெழுத்துப் போட்டேன். அதே மேசையில் கொடுத்து, ரசீது கேட்டு, ஒரு மணி நேரம் நின்று வாங்கினோம்.

லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டது. ரிப்போர்ட் இன்னும் போகவில்லை. துப்பாக்கியைச் சட்டப்படி ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டேன். வேனில் இப்போது வேறொருவர் போகிறார். காலையில் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறையும்வரை நிற்கிறேன். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி மூன்று முறை ஆள் வந்தாயிற்று. நான் வாங்கவில்லை.