கார்மேகம் தோண்டிய பனி

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர். அஜ்மானில் தொழிலாளர் கேம்பில் ரூம், துபாயில் ஒரு மாலுக்குள் செயற்கைப் பனியால் சரிவு அமைத்திருக்கும் பனிக்கூடத்தில் வேலை. ஆறு வருடமாகப் பனி அள்ளுகிறார். துபாயில் பனி அள்ளுவதாகச் சொன்னால் மனைவி வீரம்மாள் இன்னும் நம்புவதில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை, ஏழு பேர் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரே ஆபீஸ். ஜார்ஜியா நாட்டில் ஆளில்லாத மலைச்சரிவுக்குப் போய், பனிச்சரிவில் புதைந்தவரை மீட்க ஒருநாள் பயிற்சி எடுக்கப்போகிறார்களாம். அதற்கு இங்கே ஒத்திகை. தலைவர் சேதுமாதவன், அந்த ஆபீஸின் மேனேஜர். உடம்பில் போட்டிருந்த எல்லாமே புதிது. ஷவலின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கூடத்துச் சரிவில் ஏறும் முன்பே நாற்பது போட்டோ எடுத்துவிட்டார். கார்மேகத்தின் சட்டையில் இருந்த பெயரே தமிழர் என்று காட்டியும், தாமும் தமிழராக இருந்தும், அவரிடம் இந்தியில்தான் அதிகாரம் செய்தார்.

பயிற்சி தருபவர் இஃப்பத், பாகிஸ்தானின் கில்கித் பக்கத்து மலைக்காரப் பெண். அவர் சொன்னபடி கார்மேகம், புதைந்த ஆளுக்குப் பதிலாக ஒரு மூட்டைக்குள் சிக்னல் கருவியை வைத்துப் புதைத்தார். ஏழு பேர் மார்பிலும் அதே கருவி உண்டு; அது எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். தேடும்போது அதைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டால், புதைந்தவரின் சிக்னல் வழி காட்டும். இஃப்பத் இதை மூன்று முறை சொல்லியிருந்தார்.

விசில் ஊதியதும் ஆறு பேரும் கருவியைப் பார்த்தபடி நடந்து, நேராக சேதுமாதவனிடம் போய் நின்றார்கள். அவர் நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். தம்முடையதை மாற்ற அவர் மறந்திருந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கருவி எல்லாம் டூப்ளிகேட் என்று கத்தினார். பதினைந்து நிமிடம் ஆனதும், உள்ளே இருந்தவர் செத்துவிட்டார் என்று இஃப்பத் அறிவித்தார்.

இரண்டாம் முறை இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பனிக்குள் செருகிப் பார்த்த குத்துக்கோல் மூட்டையில் தட்டியது. சேதுமாதவன் அந்த இடத்தின் மேலேயே ஏறி நின்று, கிணறு வெட்டுவதுபோல் நேராகத் தோண்டினார். எடுத்த பனி பாதி திரும்பக் குழியில் விழுந்தது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த கார்மேகத்துக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க அவரு நெஞ்சு மேல நிக்கிறீங்க."

தமிழில்தான் சொன்னார். ஷவலை வாங்கிக்கொண்டு சரிவில் நாலடி கீழே இறங்கி, பக்கவாட்டில் வழி வெட்டிக்கொண்டே போனார். மூன்று நிமிடத்தில் மூட்டை வெளியே வந்தது.

எங்கே படித்தாய் என்று இஃப்பத் கேட்டார். கார்மேகம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். முன்பு ஷார்ஜாவில் பைப் பதிக்கும் சைட்டில் இருந்தபோது, பள்ளத்தின் கரை சரிந்து பாலா என்ற கூட்டாளி கழுத்துவரை மூடிப்போனான். எல்லோரும் மேலே நின்று தோண்ட, மண் அவன்மீதே அழுந்தியது. கார்மேகம்தான் அவர்களை விரட்டிவிட்டுப் பக்கத்திலிருந்து தோண்டி இழுத்தார். பாலா இப்போது அபுதாபியில் லாரி ஓட்டுகிறான்.

"அது மண்ணு. இது ஸ்னோ. டெக்னிக்கே வேற," என்றார் சேதுமாதவன்.

தான் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான் என்றார் இஃப்பத். மலைக்கு வர நினைப்பவர்கள் இன்னும் இரண்டு நாள் இவரோடு தோண்டிவிட்டு வரட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆறு பேர் வந்தார்கள். சேதுமாதவனுக்கு மீட்டிங் இருந்தது. இரண்டு நாளுமே.

ஆனாலும் ஜார்ஜியாவுக்குப் போனார். பயிற்சி நாளன்று இஃப்பத் அவரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டார். மற்ற ஆறு பேரும் நிஜப் பனியில் புதைத்த மூட்டையை ஒன்பது நிமிடத்தில் எடுத்தார்கள். குழுவில் இருந்த சந்தியா துபாய் திரும்பியதும் கூடத்துக்கு வந்து, கார்மேகத்திடம் இதைச் சொன்னாள். ஆபீஸ் அனுப்பிய சுற்றறிக்கையில் பயிற்சி முடித்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் சேதுமாதவன் என்பதையும் சொன்னாள். அவளுக்குத்தான் கோபம்.

கார்மேகம் கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. புதைஞ்சவன் அந்தப் பேப்பரப் பாத்துதான் எந்திரிச்சு வரப்போறானா?"

சந்தியா சிரித்துவிட்டாள். கீழ்ச்சரிவில் பனி இறுகிக் கட்டியாகிக் கிடப்பதாக சூப்பர்வைசர் கூப்பிட்டார். கார்மேகம் ஷவலை எடுத்துக்கொண்டு போனார்.