அலெக்சாண்ட்ரியா பற்றி நான் பேசிய கூட்டம்

என் வீட்டுக்காரர் அலெக்சாண்ட்ரியாவின் ராஜா. கேலிக்குச் சொல்லவில்லை, அவருடைய போனில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பழைய காலத்துக் கடற்கரை நகரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதில் துறைமுகம் கட்ட வேண்டும், தானியக் கிடங்கு கட்ட வேண்டும், கலங்கரை விளக்கம் எழுப்ப வேண்டும். பக்கத்து ராஜாக்கள் படையெடுத்து வந்தால் துரத்த வேண்டும். அதுதான் விளையாட்டு. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் போடுகிற மனுஷர் இவர். வயலுக்கு வருகிற வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, அதை எட்டிப் பார்க்க நேரம் இல்லை. எகிப்து தேசத்தில் மதில் கட்டிக்கொண்டிருக்கிறார். துணைக்கு மலேசியாவில் ஒரு கூட்டாளி, ஓசூரில் ஒரு கூட்டாளி.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இந்த விளையாட்டால்தான். அதற்கு மட்டும் அவருக்கு நன்றி சொல்லலாம். மருந்து வாங்க ராமநாதபுரம் போன ஒருநாள், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நூலகத்துக்குள் போனேன். தலைப்பிலேயே அலெக்சாண்ட்ரியா என்று இருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல் அலமாரியில் இருந்தது. வேறு பெயராக இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்கிற பெயராயிற்றே என்று எடுத்துக்கொண்டேன்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிற தையல்காரியின் கதை அது. கப்பல் வருகிற நாளெல்லாம் அவள் பெட்டியை அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்குவாள். துறைமுகம் வரை போவாள். ஏதாவது ஒரு காரணம் குறுக்கே வந்து நிற்கும். அறைக்குத் திரும்பி, பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி கொடியில் போடுவாள். பெரிய சண்டை இல்லை, சாவு இல்லை. ஆனால் படித்து முடித்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மதுரையில் படிக்கிற மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அதே ஊரின் பெயர் வருகிற ஒரு அரபிப் பாட்டை அனுப்பிவைத்தாள். இஸ்கந்தரியா என்றுதான் அவர்கள் அந்த ஊரைச் சொல்வார்களாம். ஒரு பெண் குரல், பின்னால் ஏதோ நரம்புக் கருவி. ஒரு வார்த்தை புரியவில்லை. ஊர்ப்பெயர் வருகிற இடத்தில் மட்டும் குரல் தணிந்து நின்று, பிறகு மேலே போகிறது. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூட அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் ஒருத்தி அந்த ஊரை விட்டுக் கிளம்ப முடியாமல் தவிக்கிறாள். பாட்டில் ஒருத்தி, குரலை வைத்துச் சொன்னால், அந்த ஊரை நினைத்து ஏங்குகிறாள். விளையாட்டில் என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குக் காவல் நிற்கிறார். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் மூன்று பக்கம் போவது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிந்தது. யாரிடமாவது இதைப் பேசியே ஆக வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான், அதனால் அவரிடம்தான் சொன்னேன். சோறு போடும்போது சொன்னேன். களத்தில் வத்தலைக் குவித்து, வெளுத்துப்போன சண்டு வத்தலைப் பொறுக்கிப் போடும்போது தும்மலுக்கு நடுவே சொன்னேன். ராஜா தலையை ஆட்டுவார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பொஸ்தகத்துல லைட்ஹவுஸ் எத்தன அடுக்குன்னு போட்டுருக்கா?" என்று கேட்டார். கையில் இருந்த கரண்டியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அக்காள்மடத்து வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ராமேஸ்வரம் தீவில் வேலை பார்க்கிற ஒரு ஆசிரியை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு மாடியில் நடத்துகிற கூட்டம் அது. பெரியபட்டினத்தில் பிறந்த பெண், என்னைவிடச் சின்னவள். ஒரு புத்தகக் கண்காட்சியில் பழக்கமானோம். பாட்டை அவளுக்கு அனுப்பியிருந்தேன். வளைகுடாவில் பல வருஷம் இருந்த தன் அண்ணனிடம் கேட்டு அவள்தான் அர்த்தம் சொன்னாள். அந்த ஊர்க் கடல்காற்று தன் முகத்தில் மறுபடி படுமா என்று ஒருத்தி கேட்கிறாளாம். சொல்லிவிட்டு அவளே, "அக்கா, புக்கு, பாட்டு, கேமு, மூணையும் சேத்து நீங்க பேசுங்கக்கா. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டம் உங்களுதுதான்" என்றாள்.

பட்டம் வாங்கியவள் நான். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரு கூட்டத்தில் நின்று பேசியதில்லை. பேச ஆள் கூப்பிட்டதும் இல்லை. நான் நினைப்பதை முழுசாக ஒரு தடவை சொல்லி, சிலபேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஆசை அவ்வளவு பெரிதாக எனக்குள் இருந்தது என்பதே அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் முளைப்பாரி வேறு போடுகிறோம், கேட்கவே வேண்டாம். வருகிற செவ்வாய் கட்டிவிட்டால், அதற்கடுத்த ஞாயிறுதான் கூட்டம், அதுவும் சாயங்காலம். முடித்துவிட்டுப் பாம்பன் பாலம் தாண்டி பஸ் பிடித்து வர ராத்திரி ஆகிவிடும். காலையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலைல பாதிப் பேரு சர்ச்சுக்குப் போயிருவாங்கக்கா" என்றாள் அவள்.

அதனால் என்ன, ஒரு வழி இருந்தது. காப்புத் தேதியை ஊர்க்கூட்டத்தில்தான் முடிவு செய்வார்கள். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும், எல்லாரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்காரர் எழுந்து எங்களுக்குத் தோதுப்படாது, அடுத்த செவ்வாய் வைப்போம் என்று சொன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். இதற்கு முன்னால் அப்படி எத்தனையோ முறை நடந்திருக்கிறது. வீட்டுக்காரரை உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினேன். "இம்புட்டுதான? நான் பாத்துக்கிறேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது முகம் பளபளவென்று இருந்தது. காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஓசூர்க்காரன் இல்லேன்னா இன்னைக்கு நம்ம தொறமுகம் போயிருக்கும்" என்றார். "மூணு பக்கமும் வளைச்சுட்டாய்ங்க. அடிச்சு வெரட்டிட்டம்ல!"

"காப்பு எப்பங்க?"

"வார செவ்வா."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

அவர் யோசித்தார். கூட்டத்தை நடத்துகிற அம்பலகாரர், எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டதும், துண்டுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு இவரும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். சொன்னது இப்போதுதான் அவருக்கே உறைக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரும்பப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். சபையில் சொன்னது சொன்னதுதான், சாமி காரியத்தில் மாற்றிப் பேசினால் ஊர் என்ன சொல்லும் என்றார். அலெக்சாண்ட்ரியாவைக் காப்பாற்றியவருக்கு என் ஒரு சாயங்காலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலைந்து நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். கடைசியில் ஆசிரியைதான் வழி சொன்னாள். "வராட்டி என்னக்கா, போன்ல பேசுங்க. ஸ்பீக்கர்ல போட்டு விடுறேன்." என் போனில் ஊருக்குள் செய்தி வரும் போகும், நீளமாகப் பேசினால் அறுந்துவிடும். அவருடைய போனில் கண்மாய்க் கரையில் நின்றால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கரை ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது, காப்புக்கும் குற்றமில்லை. போனைக் கேட்டபோது ஒரு நிமிஷம் தயங்கினார். அந்த நேரத்தில் யாராவது படையெடுத்தால்? நான் பார்த்த பார்வையில், "நானே புடிச்சுக்கிறேன், நீ பொஸ்தகத்தப் பாத்துப் பேசு" என்று கூடவே வந்தார்.

வெயில் இறங்குகிற நேரம். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. கருவேல மர நிழலில் நான் நின்றேன், அவர் என் முன்னால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தார். திரை அவர் பக்கம் இருந்தது. "அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க, ஆரம்பிங்க" என்று அவள் குரல் கேட்டது. முதலில் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று ராஜா கதையிலிருந்து தொடங்கினேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் அம்மன் பாட்டைப் போட்டுவிட்டார்கள். விடவில்லை நான். குரலை உயர்த்தினேன். அரபிப் பாட்டைப் பற்றிச் சொன்னேன், அந்தப் பெயரில் குரல் தணிகிற இடத்தை எனக்குத் தெரிந்த மட்டும் பாடியே காட்டினேன். பிறகு தையல்காரிக்கு வந்தேன். அவள் பெட்டி அடுக்குவதை, துறைமுகத்தில் நிற்பதை, திரும்பி வந்து துணியை உதறிக் கொடியில் போடுவதை. புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமலே பேசினேன். அன்றைக்கு நன்றாகப் பேசினேன், அதை நானே சொல்லிக்கொள்வேன். கடைசிக் கப்பலில் அவள் ஏறினாளா என்பதை மட்டும் சொல்லாமல், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி நன்றி கூறினேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கைதட்ட யோசிக்கிறார்களோ என்று நின்றேன்.

"அது அப்பவே போயிருச்சு" என்றார் அவர்.

"எது?"

"லைனு. நீ பாட்டப் பத்தி எடுத்தியே, அதுக்கு முன்னாடியே."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். சிக்னலே இல்லை. கரையில் கொஞ்ச தூரம் ஓடியபோது அவளிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. "கூப்பிட்டுப் பாத்தோம்க்கா, கெடைக்கல. அடுத்தவங்க பேசிட்டிருக்காங்க. மச்சானோட கேம் பத்திச் சொன்ன வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு, எல்லாரும் ரசிச்சாங்க." என் புத்தகம் போனது, பாட்டு போனது. அக்காள்மடம் வரை போய்ச் சேர்ந்தது அவருடைய விளையாட்டு மட்டும்தான்.

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?" கத்திவிட்டேன். அழுகையும் வந்தது.

"சொன்னா நீ நிப்பாட்டிருவ" என்றார். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்லாயிருந்துச்சு, கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். ஆமா, அந்தப் பொம்பள கடைசில கப்பல் ஏறுனாளா, இல்லையா?"

"இதே கதையத்தான் இம்புட்டு நாளும் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எங்கிட்டயா? எப்ப?"

அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். நடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி நடந்தேன். "சொல்லு, ஏறுனாளா?" என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் வந்தார். தெரு முனை வரை கேட்டார். வாசலில் கேட்டார். நான் சொல்லவில்லை.