மாட்டுக்குப் பாதி ஊசி

அறுபதுகளின் தொடக்கத்தில் கீரனூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கறவைப் பசு. மூத்த மகள் என் வயிற்றில் இருந்தபோது அதற்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பென்சிலின் ஊசி போட்டு, ஐந்து நாள் விடாமல் போட வேண்டும் என்றார். இரண்டாம் நாளே பால் தெளிந்துவிட்டது.

"போதுங்க, மிச்சத்தக் குடுங்க. அடுத்த தடவைக்கு ஆகும்" என்றார் என் வீட்டுக்காரர். மருந்தை வீணடிக்கிற வீடா எங்கள் வீடு! அடுத்த தடவையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி, அதோடு நிறுத்தம்.

கறப்பது நான்தான். மகள் பிறந்த பிறகும் அப்படித்தான். சீழும் பாலும் கையில் வழியும். தொட்டித் தண்ணீரில் கையை அலசிவிட்டு, வீல் வீலென்று கத்துகிற பிள்ளையை எடுத்துப் பால் கொடுப்பேன். தேய்த்துக் கழுவ யாருக்கு நேரம் இருந்தது?

அவளுக்கு நாலாம் மாதம், எனக்கு இடது மார்பில் கட்டி. காய்ச்சலோடு பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனோம். லேடி டாக்டர் பென்சிலின் போட்டார். நாலு நாளாகியும் வீக்கம் இம்மியும் குறையவில்லை.

"இந்த ஊசி முன்னாடி போட்டிருக்கீங்களா?"

"எனக்கில்லைங்க, மாட்டுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாதியில நிறுத்துனா, சாகாம தப்புன கிருமி பெருகும்மா. அப்புறம் அதுக்கு இந்த மருந்து கேக்காது. மாட்டுட்டேருந்து ஒங்களுக்கு வந்திருக்கலாம், ஒங்க கையிலேருந்து மாட்டுக்கும் போயிருக்கலாம்."

வீட்டுக்காரரோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

கீறிச் சீழ் எடுத்தார்கள். ரணம் ஆறும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டினோம். என் பாலை வேளைக்கு வேளை பீய்ச்சிக் கறிவேப்பிலைச் செடியடியில் ஊற்றினேன். ஒன்றரை மாதம் அப்படியே போனது.

ஆறிவிட்டது, இனிக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு ஓட்டமாக வந்தேன். மடியில் போட்டு மார்போடு அணைத்தேன். வாய் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாள் கெஞ்சினேன், அதட்டினேன், பட்டினிகூடப் போட்டுப் பார்த்தேன். மசியவில்லை.

நாலாம் நாள் சங்கைக் கழுவி எடுத்துவந்து உட்கார்ந்தேன். என் ரவிக்கை நனைந்துகொண்டிருக்க, ஆட்டுப்பாலை நானே அவளுக்குப் புகட்டினேன்.