முத்தம்மா வார்த்த தண்ணீர்

மாரி பொய்த்த அந்த வருடம், எங்கள் கிணற்றிலிருந்து வாளி மேலே வரும்போதே தண்ணீரோடு சேற்றின் குளிர்ந்த வாசமும் ஏறி வரும். எங்கள் ஊரான பூவரசங்குளத்தில், வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் ஒழுங்கையிலே வற்றாமல் கிடந்தது அந்த ஒரு கிணறுதான். அதை நாங்களும் அடுத்த வளவிலிருந்த பெரியப்பா குடும்பமும் "பங்குக் கிணறு" என்று சொல்லிப் புழங்கி வந்தோம்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வந்த சில குடும்பங்கள் காட்டோரத்தில் கொட்டில் போட்டுக் குடியிருந்தன. அவர்களுள் முத்தம்மா என்பவர் தினமும் குடத்தோடு வந்து கிணற்றுக் கட்டுக்கு அப்பால் நிற்பார். அம்மா அள்ளி, குடத்தில் வாளி படாமல் உயர்த்திப் பிடித்து ஊற்றுவார். "தண்ணி குடுக்கிறது புண்ணியம்தான், ஆனா கயித்தைத் தொட விட்டிடாதை" என்பது பெரியம்மாவின் கட்டளை. ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர், ஊர் வழக்கில் "வேதக்காரர்", நாங்கள். ஆனாலும் அது எங்களில் எவருக்கும் உறுத்தவில்லை, அம்மாவுக்கும்தான்.

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், யூதர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சமாரிய இனத்துப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட பகுதியைச் சுவாமியார் வாசித்தார். பூசை முடிந்து நாங்கள் வீடு வந்தபோது கிணற்றடியில் முத்தம்மா காத்து நின்றார். அம்மா பூசைக்கு உடுத்த சேலையோடு நேரே போய், கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே அள்ளுங்கோ, முத்தம்மா."

"வேணாங்கம்மா, உங்க வீட்டுல ஏசுவாங்க."

"ஏசினா நான் கேக்கிறன். அள்ளுங்கோ."

முத்தம்மா அள்ளியதும் அம்மா குனிந்து இரு கைகளையும் குவித்து, "எனக்கும் குடிக்கக் கொஞ்சம் வார்த்து விடுங்கோ" என்றார். முத்தம்மா வாளியை எட்டவே பிடித்து வார்த்ததில் பாதி சேலையில் கொட்டியது. மீதியை அம்மா கண்ணை மூடிக் குடித்தார்.

எங்களோடு கூட வந்த பெரியம்மா, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டார்.

"ஆண்டவரே கேட்டவர், அக்கா. நான் அவரிலும் பெரிய ஆளே?"

அன்றோடு பெரியம்மா அந்தக் கிணற்றில் அள்ளுவதை விட்டு, வற்றிக்கொண்டிருந்த குளத்துக்கு நடக்கத் தொடங்கினார். அப்பாவும் சில நாள் அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. நானோ மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் முத்தம்மாவின் முன்னால் போய்க் கைகளைக் குவித்தேன். அம்மாவைப் போலச் செய்கிறேன் என்ற பெருமையில் வயிறு முட்டக் குடித்தேன்.

குளத்துத் தண்ணீரோ வெயிலோ, பெரியம்மா கடும் காய்ச்சலில் விழுந்தார். கேள்விப்பட்ட முத்தம்மா, யாரும் சொல்லாமலே ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை அவர்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "வெளியில வைக்காதை பிள்ளை. குசினிக்குள்ள கொண்டு வா." அன்று கஞ்சி வைத்துக் கொடுத்ததும் முத்தம்மாதான்.

பிறகு யுத்தம் எங்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தது. திரும்பிப் போனபோது கிணறு தூர்ந்து கிடந்தது. காட்டோரக் கொட்டில்களின் இடத்தில் பற்றைக் காடுதான் நின்றது. முத்தம்மா எங்கே போனார் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அம்மாவும் பெரியம்மாவும் இன்று இல்லை. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "எங்கட சித்தி அண்டைக்கு முத்தம்மாட்டைத் தண்ணி வாங்கிக் குடிச்சாவே" என்று அந்தக் கதையைத் தன் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சத்தமாகத் தொடங்குவாள். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசுவதில்லை.